முப்பத்திரண்டு கட்டங்கள்

இல்ல மேடம், நான் உக்காந்தே சொல்றேன். நின்னுக்கிட்டு சொன்னா ஏதோ மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். ஆமா, அந்த லேப்தான். உங்க ஹாஸ்டல் தண்ணிய பரிசோதிச்சுக் குடுக்கறாங்கல்ல, அங்கதான் வேலை பாக்கறேன். ஏழு மாசமாச்சு. இல்ல, பாட்டில் எடுத்துட்டுப் போக வரல. மேனேஜர் அனுப்பியும் வரல. நான் இங்க வந்திருக்கறதே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன பண்ணுவாரா? தெரியட்டும் மேடம். சாயங்காலம் நானே சொல்லிடப் போறேன்.

அட, எழுந்திரிக்காதீங்க. நீங்க வார்டன், உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், தெரியும். ஸ்கூல் விட்டுப் பொண்ணுங்க வர்றதுக்குள்ள முடிச்சுடறேன்.

நல்ல மனுஷனா? ம்ம். உங்களக் குத்தம் சொல்லல மேடம். வெளிய வந்தா அவரு அப்படித்தான். சிரிச்ச முகம். புள்ளைங்களுக்கு சாக்லேட் கூட குடுப்பாரா? குடுப்பாரு, குடுப்பாரு. உள்ள அவருக்கு நாங்க வச்சிருக்கற பேரு நிழல். நாங்கன்னா நானும், பாத்திரம் கழுவற அக்காவும். கண்ணாடிக் குழாய், பாட்டில் எல்லாம் கழுவி அடுக்கறது அக்கா வேலை. அவரோட சேத்து மொத்தமே மூணு பேரு. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு சத்தமே இல்லாம நடப்பாரு. நீங்க திரும்பறதுக்கு முன்னாடி உங்க தோள்பட்டைக்குப் பின்னாடி மூச்சு கேக்கும். அதான் நிழல்.

நான் படிச்சது கிருமிங்களப் பத்தின படிப்பு மேடம். கண்ணுக்குத் தெரியாததக் கண்டுபிடிக்கிற படிப்புன்னு எங்கம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். முடிச்சுட்டு ஒரு வருஷம் வீட்டுல சும்மா இருந்தேன். அப்பறம் இந்த இன்டர்வியூ. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் இருக்கான்னாரு. குடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு. அஞ்சு காப்பி எடுத்துக்கிட்டாரு. நாளைக்கே வந்துடுன்னாரு. எதுக்கு அஞ்சு காப்பின்னு கேக்கணும்னு தோணவே இல்ல. அன்னைக்கு என் கால் தரையில இருந்தாத்தானே? மறுநாள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். அம்மா ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனியில வேலை. அந்த போட்டோவ அன்னைக்கு அங்க பாக்காத ஆளே கிடையாதாம். பொண்ணு டாக்டரான்னு யாரோ கேட்டதுக்கு, அம்மா இல்லன்னும் சொல்லலையாம்.

சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன். அதெல்லாம் ஒரு வாரம்.

என் மேசைய அவரோட கேபின் கண்ணாடிக்கு நேரா போட்டாரு. முகம் சுவத்தப் பாத்து, முதுகு அவரப் பாத்து. காலைல உள்ள வந்ததும் என் ஃபோன் அவரு டிராயருக்குள்ள போயிடும். எழுந்திரிச்சா எதுக்குன்னு கேப்பாரு. பாத்ரூம் போனா நோட்டுல போன நேரம், வந்த நேரம் எழுதணும். ஒரு நாள் தும்மினேன், கண்ணாடியத் தட்டி என்னன்னு கேட்டாரு. பாட்டிலோ பெட்டியோ, ஒட்டற லேபிள் ரெண்டு மில்லிமீட்டர் கோணலா இருந்தா பிச்சுட்டு மறுபடி ஒட்டச் சொல்லுவாரு. ஒரே லேபிள நாலு தடவை ஒட்டியிருக்கேன் மேடம். அஞ்சாவது தடவை, முதல்ல ஒட்டினதே பரவால்லன்னாரு.

சரி, கண்டிப்பான ஆளுன்னு வச்சுக்கலாம். அப்படி நிறைய பேர் இருக்காங்க. வேலை இருந்தா அதுக்கெல்லாம் நான் அசர மாட்டேன். ஆனா வேலையே இல்ல மேடம்! லேபிள் ஒட்டணும், அட்ரஸ் டைப் பண்ணணும். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தையும் ரெண்டு துண்டாக்கி, காலைல ஒண்ணு, பதினொண்ணரைக்கு ஒண்ணுன்னு குடுப்பாரு. மிச்ச நேரம் சுவரு. புத்தகம் படிக்கக் கூடாது. அக்காகிட்ட பேசக் கூடாது. அலமாரிய ஒழுங்கா அடுக்கினேன், யாரக் கேட்டு அடுக்கினன்னு மறுபடி கலைச்சு வைக்கச் சொன்னாரு. கலைச்சு வச்சேன்.

சார், டெஸ்ட் நான் பண்றேனேன்னு கேட்டேன். ஒரு தடவை இல்ல, பத்து தடவையாவது கேட்டிருப்பேன். அவசரப்படாதேம்மா, இது காலேஜ் கிடையாது, டெஸ்ட்டெல்லாம் நான் சாயங்காலம் நீ போனப்பறம் தனியா இருந்து பண்ணிடறேன், கவனம் சிதறக் கூடாதுல்லன்னு சொல்லுவாரு. நம்பினேன். பாவம், மனுஷன் வீட்டுக்குக் கூட போகாம உழைக்கிறாரேன்னு கூட நினைச்சிருக்கேன், அத என்னன்னு சொல்ல.

வீட்டுல சொன்னா யாருக்குப் புரியும்? அம்மா நாள் பூரா காலர் தைக்கிறவங்க. ராத்திரி கழுத்தத் திருப்ப முடியாது, உடம்போட சேத்துத்தான் திரும்புவாங்க. அவங்ககிட்டப் போயி எனக்கு வேலை இல்லம்மா, கஷ்டமா இருக்குன்னா? உக்காந்திருக்கறதுக்கு சம்பளம் குடுக்கறான், உனக்கு எங்கடி வலிக்குதுன்னாங்க. எங்க வலிக்குதுன்னு எனக்கே சொல்லத் தெரியல மேடம். படிச்சதெல்லாம் ஒவ்வொண்ணா மறந்துட்டே வந்துச்சு. ஒரு நாள் ஒரு கிருமியோட பேரு ஞாபகம் வரல. பரிட்சையில முழு மார்க் வாங்கின கேள்வி அது. பஸ்ஸுல உக்காந்து அழுதேன்.

அழுததோட சரி. மறுநாள்லேர்ந்து ஆரம்பிச்சேன்.

அவரு ஒரு ஷீட் வச்சிருக்காரு மேடம். கால் மணிக்கு ஒரு கட்டம். எட்டு மணி நேரத்துக்கு முப்பத்திரண்டு கட்டம். ஒவ்வொண்ணுலயும் என்ன வேலை செஞ்சேன்னு எழுதணும். அதுவரைக்கும் நானும் எதையாவது எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன். அலமாரி துடைத்தல், கோப்பு சரிபார்த்தல்னு. அன்னைக்கு உண்மைய எழுதினேன். ஒன்பதே கால், வேலை இல்லை. ஒன்பதரை, வேலை இல்லை. லேபிள் ஒட்டின ரெண்டு கட்டத்தத் தவிர, முப்பது கட்டத்துலயும் அழகா, ஒரே கையெழுத்துல, வேலை இல்லை, வேலை இல்லை. சாயங்காலம் கொண்டு போயி வச்சேன். அவரு முகத்த நீங்க பாத்திருக்கணும்! காது மடல் மட்டும் சிவந்துச்சு. என்னம்மா இது, ஆவணப் பராமரிப்புன்னு எழுதுன்னாரு. எந்த ஆவணம் சார்னு கேட்டேன். உனக்கு வாய் அதிகம்னாரு. வாய்க்காவது வேலை இருக்கட்டும் சார்னேன்.

அய்யோ இல்ல மேடம், அப்படி சொல்லல. மனசுல சொன்னேன். வெளிய, சரி சார்னு மட்டும் சொன்னேன். ஆனா மாத்தி எழுதல. மறுநாளும் அதேதான். அதுக்கு மறுநாளும். மூணாவது நாளு ஷீட்ட வாங்கி, படிக்காமலே ஃபைல்ல போட்டுட்டாரு. முதல் தடவையா அவரு என்கிட்டேர்ந்து கண்ண எடுத்தது அப்பத்தான்.

அதுக்கப்புறம்தான் அக்கா வாய் திறந்தாங்க. நீ தைரியசாலியா இருக்க, உன்கிட்ட சொல்லலாம்னாங்க. என்னன்னா, அவங்களுக்கும் வேலை இல்லையாம். முன்னாடியெல்லாம் வாரத்துக்கு ரெண்டு கூடை குழாய் அழுக்கா வரும். இப்ப ஒரு வருஷமா ஒண்ணுமே வர்றதில்ல. சும்மா இருந்தா திட்டுவாருன்னு, கழுவி வச்ச குழாயையே எடுத்துத் திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு இருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க மேடம். தண்ணி பாட்டில் வருது. டெஸ்ட் பண்ணினா குழாய் அழுக்காகணும். குழாய் அழுக்காகல.

சூடான பெட்டி ஒண்ணு இருக்கு. இன்குபேட்டர்னு சொல்லுவோம். தண்ணிய ஊதா கலர் திரவத்தோட குழாய்ல சேத்து, அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு நாள் கதகதப்பா வைக்கணும். கிருமி இருந்தா ஊதா மஞ்சளா மாறிடும், உள்ள ஒரு குட்டிக் குழாய்ல காத்து சேந்து நிக்கும். மாறலன்னா அந்தக் கிருமி இல்ல. அவ்வளவுதான் டெஸ்ட். அந்தப் பெட்டி மேல, மேனேஜர் அனுமதியின்றித் தொடாதீர்கள்னு ஒரு லேபிள். நான் ஒட்டினதுதான். நாலு தடவை ஒட்டினேன்னு சொன்னேனே, அதே லேபிள். அன்னைக்கு அவரு ஃபோன்ல பேசிட்டு இருந்தப்ப, போற போக்குல அதுமேல கைய வச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா பிளக்கு தரையில கிடக்குது. ஒயரு மேல ஒட்டடை.

ஆமா மேடம். ஒண்ணுமே பண்ணல. சாயங்காலம் தனியா இருந்து பாட்டில்களைக் கழுவற தொட்டியில கவுத்துட்டு, போன மாசம் அடிச்ச ரிப்போர்ட்டுல தேதிய மாத்தி அடிச்சிருக்காரு. திரவம் வாங்கணும், கரன்ட்டு, நேரம், எல்லாம் மிச்சம்தானே.

இருங்க, இருங்க. உங்க தண்ணிக்கு வரேன். வராம எங்க போறேன்?

கோவம் வந்துச்சு. ஆனா அதவிட, எப்படிச் சொல்றது, கை பரபரன்னு இருந்துச்சு. ஏழு மாசமா வேலை குடு வேலை குடுன்னு கெஞ்சிக்கிட்டு இருந்தேன், வேலை பூரா அந்தத் தொட்டியில ஓடிக்கிட்டு இருந்திருக்கு. சரி, நானே எடுத்துக்கறேன்னு முடிவு பண்ணினேன்.

வாரத்துல ரெண்டு நாள் அவரு பாட்டில் எடுக்க வெளிய போவாரு. ஒரு ரவுண்டு போயிட்டு மத்தியானம் பாட்டில்கள இறக்கி வச்சுட்டு, அடுத்த ரவுண்டு கிளம்பிடுவாரு. அந்த நேரத்துக்கு என் ஃபோன கையில குடுத்துட்டுப் போவாரு. எதுக்குன்னு நினைக்கறீங்க? அரை மணிக்கு ஒரு தடவை நான் சீட்டுல உக்காந்திருக்கற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பணும். பின்னாடி சுவர்க்கடிகாரம் தெரியணும். இதெல்லாம் நான் கதை கட்டல மேடம், ஃபோன்ல எல்லாம் இருக்கு, அப்பறமா காட்டறேன். அக்காதான் கடிகாரம் பாத்துக்கிட்டாங்க. ஏய், நேரமாச்சு, வந்து பொம்மை மாதிரி உக்காருன்னு கூப்பிடுவாங்க. ஓடி வந்து உக்காருவேன், பல்லக் காட்டுவேன், கிளிக். மறுபடி ஓடுவேன். அந்த ஊதா திரவம் கலக்கற பழைய பொடி ரெண்டு டப்பா சீல் பிரிக்காம இருந்துச்சு, தேதியும் தாண்டல. பெட்டி பிளக்க மாட்டினேன். எரியற சிவப்பு லைட்டு மேல ஒரு வெள்ளை டேப். ஒரு நாளும் அவரு கண்டுபிடிக்கல மேடம். என்னையப் பாத்த பார்வையில பத்துல ஒரு பங்கு அந்தப் பெட்டியப் பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பாரு.

ரெண்டு நாள் கழிச்சு குழாயெல்லாம் வெளிய எடுக்கணும். அவரு கேபின்ல உக்காந்திருக்காரு. அக்கா கூடையில அடுக்கி, மேல ஈரத்துணியப் போட்டு மூடி, அவரு மூக்குக்கு நேரா தூக்கிட்டுப் போனாங்க. என்னதுன்னாரு. கழுவறதுக்கு சார்னாங்க. சரி போன்னுட்டாரு. நான் நோட்டுல பாத்ரூம்னு எழுதிட்டுப் பின்னாடியே போனேன். தொட்டிக்குப் பக்கத்துல ரெண்டு பேரும் குந்திக்கிட்டு ஒவ்வொரு குழாயா வெளிச்சத்துல பாத்தோம். ஊதா, ஊதா, ஊதா. அப்பறம் ஒரு வரிசை மஞ்சள்.

முதல்ல என் கைதான் சுத்தமில்லையோன்னு நினைச்சேன். படிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே, ஏதாவது தப்பா பண்ணியிருப்பேன்னு. ஒத்துப் பாக்கறதுக்கு, கொதிக்க வச்ச தண்ணியையும் கூடவே வச்சிருந்தேன், அது ஊதாவாவே நின்னுச்சு. அப்பவும் என்மேல எனக்கு நம்பிக்கை வரல. அடுத்த வாரமும் அதே இடங்கள்லேர்ந்து பாட்டில் வந்துச்சு, மறுபடி பண்ணினேன். பதினாலு இடம். பதினொண்ணு நல்லாருக்கு. மூணு மஞ்சள். ரெண்டு வாரமும் அதே மூணு. அந்த ஒரு வாரத்த நான் காத்திருந்திருக்கக் கூடாது. அது என் தப்பு, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

போன திங்கக்கிழமை, இதெல்லாம் எழுதி வச்சிருந்த என் நோட்ட கொண்டு போயி அவரு மேசையில வச்சேன். புரட்டிப் பாத்தாரு. முதல் கேள்வி என்ன தெரியுமா மேடம்? பெட்டியத் தொடச் சொன்னது யாருன்னாரு. எந்த இடத்துத் தண்ணி கெட்டிருக்குன்னு கேக்கல. எழுந்து போயி கதவச் சாத்தினாரு. குரல் அப்படியே குழைஞ்சு போச்சு. நீ கெட்டிக்காரப் பொண்ணும்மா, உன்ன நான் சரியா பயன்படுத்தலன்னாரு. நாளையிலேர்ந்து அலமாரி சாவி உன் கையில, சீனியர்னு போட்டுடறேன், வேலை வேலைன்னு கேட்டியே, கழுத்து முட்ட தரேன், இந்த நோட்ட மட்டும் இங்கயே வச்சுட்டுப் போன்னாரு.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் ஆசையா இருந்துச்சு. சாவியப் பாத்தேன். மேசை மேலதான் இருந்துச்சு, நீல நாடா கட்டின சாவி. அப்பறம் நோட்டத்தான் எடுத்தேன். சார், அந்த மூணு இடத்துக்கும் இன்னைக்கே நீங்க ஃபோன் பண்ணுங்கன்னேன். பண்றேன்னாரு. ரெண்டு நாள் பொறுத்தேன். உங்களுக்குப் பண்ணினாரா? தெரியும், பண்ணியிருக்க மாட்டாரு. நேத்து மறுபடி கேட்டேன். நீயும்தானே இதுல இருக்க, யோசிச்சுக்கோன்னாரு. ஏழு மாசத்துல அவரு சொன்ன உண்மை அது ஒண்ணுதான்.

சாயங்காலமே சுகாதார ஆபீசுக்குப் போயி எழுதிக் குடுத்துட்டேன். முத்திரை குத்தின காப்பி இதோ. அவங்க வர ஒரு வாரம் ஆகுமாம், ஆளு பத்தலையாம். ஒரு வாரம் யாரு காத்திருக்கறது? அதான் இன்னைக்கு லீவு லெட்டர் வச்சுட்டு நேரா இங்க வந்துட்டேன். லீவுக்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் இருக்கும். சொந்த வேலைன்னு எழுதினா என்ன சொந்த வேலைன்னு குடைவாரு. அதனால வேலை செய்யப் போகிறேன்னு எழுதினேன்.

மேடம், என் வேலைய அடுக்கிச் சொன்னப்ப ஒண்ண விட்டுட்டேன். லேபிள், அட்ரஸ், இது ரெண்டும் தினம். வெள்ளிக்கிழமையில இன்னொண்ணு உண்டு. ஒரு கட்டு காகிதம் வரும், கையெழுத்துப் போடணும். எனக்கு வாரத்துலயே பிடிச்ச நேரம் அதுதான். பேனாவ எடுத்தா ஏதோ வேலை செய்யற மாதிரி இருக்கும். பரிசோதித்தவர்னு அச்சடிச்சிருக்கும், அதுக்கு மேல போடுவேன். அவருதானே பண்றாரு, நான் ஏன் போடணும்னு ஒரு தடவை கேட்டேன். படிச்சவங்க பேருதான் செல்லும்னாரு. பெருமையா இருந்துச்சு. அஞ்சு காப்பி எதுக்குன்னு அப்பவும் எனக்கு உறைக்கல. அவரு என்னைய வேலைக்கு எடுக்கல மேடம், என் பட்டத்த எடுத்தாரு. நான் கூட வந்துட்டேன், அதான் அவருக்குத் தொந்தரவு.

மாசத்துக்கு ஒண்ணுன்னு உங்க ஃபைல்ல இருக்கற ஏழு ரிப்போர்ட்டுலயும் இருக்கற கையெழுத்து என்னோடது. யாரும் திருடல, காப்பி அடிக்கல. நான்தான் போட்டேன். உங்க தண்ணிய ஒரு சொட்டு கூட பாக்காம போட்டேன்.

திட்டுங்க. பரவால்ல. எங்கம்மாவும் திட்டினாங்க. நேத்து ராத்திரி எல்லாத்தையும் சொன்னேன். உன் வேலையும் போகும், கேஸும் வரும்னு அழுதாங்க. அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சு, நான் தைக்கிற ஒவ்வொரு சட்டையிலயும் என் நம்பர் இருக்குடி, பிரிஞ்சு வந்தா என்னைத்தான் கூப்பிடுவாங்க, நீ போன்னாங்க. என்மேல வர்றது வரட்டும் மேடம். ஆபீஸ்ல எழுதிக் குடுத்ததுல என் பேரத்தான் முதல்ல போட்டிருக்கேன்.

இது புது ரிப்போர்ட். அடிக்கறதுக்கு மிஷின் கிடைக்கல, கையால எழுதினது. அதே கையெழுத்துதான். இதுக்கு மட்டும் வேலை செஞ்சேன். பாருங்க, சமையலறைக் குழாய், ரெண்டு வாரமும் ஊதா, பயமில்ல. மாடி டேங்க்லேர்ந்து வர்ற குடிதண்ணிக் குழாய், ரெண்டு வாரமும் மஞ்சள்.

என்ன மேடம்? வயித்து வலியா? எத்தனை பேரு? ஆறு பேரா... எப்பலேர்ந்து? வெளிச் சாப்பாடா இருக்கும்னு விட்டுட்டீங்க. சரி. இல்ல, நீங்க என்ன பண்ணுவீங்க, சுத்தமா இருக்குன்னு கையெழுத்துப் போட்ட காகிதம் உங்க கையில இருந்துச்சே. அவங்கள இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, இந்தத் தாளையும் காட்டுங்க. அந்தக் குழாய இப்பவே மூடச் சொல்லுங்க. சமையலறைத் தண்ணியையே கொதிக்க வச்சு ஆற வச்சுக் குடுங்க, டேங்க கழுவி மறுபடி நான் பாத்துச் சொல்ற வரைக்கும். எந்த லேப்புலயா? தெரியல. காலேஜ்ல எங்க மிஸ்ஸக் கேட்டிருக்கேன், வான்னு சொல்லியிருக்காங்க.

இன்னும் ரெண்டு இடத்துக்குப் போகணும் மேடம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த டேங்க்குக்குள்ள என்ன கிடக்குன்னு பாத்துடறேன். வாட்ச்மேன் வந்து ஏறிப் பாக்கட்டுமா? அவரு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஏணி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.